தோடம்பழப் பெட்டியில் ஒரு தமிழச்சி

டொரொன்டோ விமான நிலையத்தில் ஒருவர் உயர்த்திப் பிடித்திருந்த அட்டையில் என் பெயர் இருந்தது. அதற்கு மேலே ‘சர்வதேச லேபிள் நிபுணர்’ என்று கொட்டை எழுத்து. என் பெயரிலேயே இன்னொருவரும் இந்த விமானத்தில் வந்திருக்கிறார் போலும் என்று நினைத்து, அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். யாரும் வரவில்லை. அட்டைக்காரரும் நானும் பத்து நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்ற பிறகுதான் அந்த நிபுணர் நான்தான் என்பது இருவருக்கும் உறைத்தது.

நான் சிவகாசிக்காரன். அச்சகத்தில் எழுத்து வரைகிற வேலை. தீப்பெட்டி, பட்டாசுப் பெட்டி, ஊறுகாய் பாட்டில் இவற்றின் மேல் வளைந்தும் நெளிந்தும் நிற்கிற எழுத்துகளில் கொஞ்சம் என் கைவேலை. பழைய தீப்பெட்டி லேபிள்களைப் பற்றி ஒரு மாத இதழில் ஆறு கட்டுரை எழுதினேன். எங்கள் ஊரில் அதைப் படித்தவர்கள் என் மனைவியும் புரூஃப் பார்த்தவரும். ஆனால் அந்த இதழ் கடல் தாண்டி, டொரொன்டோவின் ஸ்காபரோவில் ஒரு வீடியோ கடை மேசையில் கிடந்திருக்கிறது. அங்கே கேசட் எடுக்கப் போன பேரின்பநாயகம் கையில் அது அகப்பட்டது. அவர்தான் அட்டைக்காரர். பகலில் வீட்டுக் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், விற்கிறார். மாலையில் வடஅமெரிக்கத் தமிழர் தொன்மை வட்டத்தின் தலைவர்.

அவர் எனக்கு எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது: டொரொன்டோவில் ஒரு பழைய மரப்பெட்டி கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் தோடம்பழம் வந்த பெட்டி. தோடம்பழம் என்றால் நம் ஆரஞ்சு. அதன் முகப்பில் ஒட்டிய லேபிளில் கையில் பழத்துடன் ஒரு தமிழ்ப் பெண். பக்கத்தில் ‘தமிழ்’ என்று ஆங்கில எழுத்து. ஆக, தமிழர் இந்தக் கண்டத்தில் தோடை பயிரிட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை விழா. தாங்கள் வந்து லேபிளைப் பரிசோதித்து, மேடையில் உறுதி செய்ய வேண்டும்.

பரிசோதிப்பதற்கு முன்பே உறுதி செய்யும் நேரத்தை அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம்.

காரில் போகும்போது பேரின்பநாயகம் எனக்கு வரலாறு சொன்னார். வெளியே அக்டோபர் மாதத்து மரங்கள் எல்லாம் தீப்பிடித்தாற்போல் சிவந்து நின்றன. பட்டாசு ஊர்க்காரன் நான் முதலில் தீயணைப்பு வண்டியைத் தேடினேன். பிறகு அது இலை என்று சமாதானம் ஆனேன்.

“ஒரேஞ்ச் எண்ட சொல்லே எங்கட நாரத்தையிலயிருந்துதான் வந்தது. அது உங்களுக்குத் தெரியும்தானே?” என்றார்.

“அப்படித்தான் சொல்றாங்க.”

“சொல் எங்கடயெண்டா, மரம் ஆருடையது?”

“இந்தக் குளிர்ல ஆரஞ்சு வளருமாங்க?”

“உந்தக் கேள்வியை மட்டும் மேடையில கேட்டுப்போடாதேங்கோ” என்றார்.

நான் தங்கியது அவர் வீட்டில் அல்ல. அவர் பிக்கரிங்கில் புது வீடு வாங்கியிருந்தார், அங்கே தரைக்கு இன்னும் கம்பளம் போடவில்லையாம். என்னை மோர்னிங்சைட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினோராவது மாடியில் இறக்கிவிட்டார். அது பெட்டியைக் கண்டெடுத்த இரத்தினத்தின் வீடு. நிபுணரும் பெட்டியும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் ஆராய்ச்சிக்கு வசதி என்றார்.

இரத்தினம் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நகரத்தின் மொத்தப் பழச் சந்தையில் லாரிகளிலிருந்து பெட்டி இறக்குகிற வேலை. விடியுமுன் போய் மத்தியானம் திரும்புவார். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்றேன். “அதென்ன தம்பி, அண்ணைக்குப் பின்னால ஒரு சீ?” என்று கேட்டார். ஆனால் அவருக்கு அது பிடித்திருந்தது. அவர் மனைவி யோகமணி அன்று இரவு புட்டும், கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும், சொதியும் வைத்தார். அந்தச் சொதியில் ஒரு வாசம் இருந்தது. விமானத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் செத்துக்கிடந்த என் நாக்கு எழுந்து உட்கார்ந்தது.

“அக்கா, இது எலுமிச்சையா?”

“தேசிக்காய். எங்கட மரத்தில காய்ச்சது.”

நான் பதினோராவது மாடியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தேன். கார் நிறுத்துமிடம்தான் தெரிந்தது. அக்கா சிரித்துக்கொண்டே ஹாலின் மூலையைக் காட்டினார். சூடு வருகிற கம்பிக்குழாய் அருகே, பால் கடைப் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஒரு தொட்டியில் இடுப்பளவு எலுமிச்சை மரம். ஒன்பது காய்.

கடையில் வாங்கிய பழத்தின் விதையை ஊன்றி வளர்த்தது. கோடையில் பால்கனி, குளிர் வந்தால் உள்ளே. வீட்டுக்குள் வண்டு ஏது? அதனால் பூக்கிற காலத்தில் காது குடைகிற பஞ்சுக் குச்சியால் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைப்பது அக்காவின் வேலை. முதல் நான்கு வருடம் வெறும் இலை. ஐந்தாவது வருடம் ஒரே ஒரு காய். அதை யாரும் வெட்டவில்லை, மஞ்சளாகி உதிரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

ஒன்டாரியோ மாகாணத்தில் தமிழர் வளர்த்த எலுமிச்சை இனத்து மரம் இங்கே கண்முன்னால் நின்றுகொண்டிருந்தது. தொன்மை வட்டம் மாதம் இருமுறை இந்த ஹாலில்தான் கூடுகிறது. மரம் அறையை அடைக்கிறது என்று இரண்டு தடவை புகார் வந்ததாம்.

பெட்டிக்கு அந்தக் குறை இல்லை. தொலைக்காட்சியை இறக்கிவிட்டு அதன் இடத்தில் பெட்டியை ஏற்றியிருந்தார்கள். முன்னால் ஒரு கண்ணாடித் தகடு, பக்கத்தில் சின்ன விளக்கு.

மறுநாள் காலையில் லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. கல்லில் வரைந்து அடித்த நல்ல அச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஒரு நிறமும் மயிரிழை பிசகவில்லை. பெண்ணின் கன்னத்துக்கு மட்டும் நான்கு நிறம் புள்ளி புள்ளியாக இறங்கியிருந்தது. பின்னணி நல்ல சிவப்பு. கழுத்திலிருந்து தாடைவரை அடுக்கடுக்காக மணிமாலை. பட்டை பட்டையாகப் பல நிறத்தில் உடை. ஒரு கையை உயர்த்தி முகத்தளவு பெரிய பழத்தைப் பிடித்திருந்தாள். அவளுக்குக் கீழே டி, ஏ, எம், ஐ என்று நான்கு ஆங்கில எழுத்து. அதற்கு அப்பால் காகிதம் அழிந்து மரம் தெரிந்தது. அழிந்த ஓரத்தில் ஐந்தாவது எழுத்தின் கால் மட்டும் ஒரு விரற்கடை மிஞ்சியிருந்தது.

அந்தக் காலைத்தான் ‘எல்’ என்று வட்டம் முடிவு செய்திருந்தது. வட்டத்தின் செய்திமடலில் முழுப் பக்கக் கட்டுரை. ‘கழுத்தில் அட்டியலும் முத்துமாலையும் காசுமாலையும் அணிந்த குலமகள்’ என்று ஒரு வரி. ‘இவள் இந்தியப் பெண் என்பதை நகரின் பழம்பொருள் வணிகர் ஒருவரே ஒப்புக்கொண்டுள்ளார்’ என்று இன்னொரு வரி.

எழுத்து வரைகிறவனுக்கு ஒரு சாபம் உண்டு. வார்த்தை தெரியாது, காலும் கொண்டையும்தான் தெரியும். ‘எல்’ என்ற எழுத்துக்குக் கால் நேராக நிற்க வேண்டும். இந்தக் கால் சாய்ந்திருந்தது.

அதை மத்தியானம் தொலைபேசியில் பேரின்பநாயகத்திடம் சொன்னேன்.

“பலகை வளைஞ்சிருக்கும்” என்றார். “எங்கட உபதலைவர் சிவில் எஞ்சினியர். அவர் அளந்து பாத்தவர்.”

“மற்ற நாலு எழுத்தும் நேராத்தானே இருக்கு?”

“அந்த இடத்தில மட்டும் வளைஞ்சிருக்கும்.”

புதன்கிழமை அந்தப் பழம்பொருள் வணிகரைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். கடை நகரத்தின் மேற்குக் கோடி. அண்ணாச்சி பஸ் எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்தார். ஏறி நின்றதும் தலைக்கு மேலே மஞ்சள் கயிறு ஒன்று நீளமாகப் போவதைக் கண்டேன். எங்கள் ஊர்ப் பேருந்தில் நடத்துநர் விசிலுக்கு முன்பே எதையாவது பற்றிக்கொள்ள வேண்டும். நானும் பற்றிக்கொண்டேன். மணி அடித்தது. பஸ் நின்றது. யாரும் இறங்கவில்லை. பஸ் புறப்பட்ட குலுக்கலில் மறுபடி பற்றிக்கொண்டேன். மறுபடி நின்றது. இப்படி ஆறு நிறுத்தம். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் முதல் நிறுத்தத்திலேயே புரிந்திருக்கும். ஏழாவதில் ஓட்டுநர் திரும்பி, “ஐயா, நீங்கள் எங்கேதான் இறங்கப் போகிறீர்கள்?” என்று மிகுந்த பணிவுடன் கேட்டார். வெட்கத்தில் அங்கேயே இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் குளிரில் நின்றேன்.

கடைக்காரம்மா அறுபது வயது வெள்ளைக்காரப் பெண்மணி. மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. பழ லேபிள் என்றதும் மேசைக்கடியிலிருந்து ஒரு கட்டு எடுத்துப் போட்டார். மயில், கப்பல், கோமாளி, குதிரை, குழந்தை. எங்கள் தீப்பெட்டிகளின் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. தெற்கே சூடான மாநிலங்களில் பழம் விளைந்து ரயிலில் இங்கே வரும். ஏலத்தில் எடுப்பவர்கள் பெட்டியின் முகப்பை வைத்துத்தான் தோட்டத்தை அடையாளம் காண்பார்கள். அட்டைப் பெட்டி வந்ததும் மரப்பெட்டியும் போயிற்று, லேபிளும் போயிற்று. ஒட்டாமல் மிஞ்சிய கட்டுகள்தான் இப்போது சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகின்றன. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார்.

நான் புகைப்படத்தைக் காட்டினேன்.

“இவளா? ஏற்கெனவே ஒருவர் கோட்டு சூட்டோடு வந்து காட்டினாரே. இண்டியன் பெண் என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கிவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.”

“இந்தியாவா?”

“இந்தியாவா! ஃப்ளோரிடா சதுப்பு நிலத்துப் பூர்வகுடிப் பெண். அந்த மணிமாலையும் பட்டைத் துணித் தையலும் பார்த்தாலே தெரியாதா?” என்று கட்டிலிருந்து வேறொரு லேபிளை உருவினார். வேறு பெயர், வேறு தோட்டம். அதே மாலை, அதே உடை. “அந்தக் காலத்தில் நம் ஆட்கள் எல்லோரையும் இண்டியன் என்றுதானே சொன்னார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. உங்கள் நண்பரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.”

திரும்பும்போது எந்தக் கயிற்றையும் தொடவில்லை. அதனால் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நான்கு நிறுத்தம் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மெழுகுத் தாளை எடுத்து, லேபிளில் முழுதாக இருந்த ‘ஏ’ எழுத்தை அப்படியே பிரதி எடுத்தேன். அந்தத் தாளை நகர்த்தி, அழிந்த ஓரத்தில் மிஞ்சிய காலின் மேல் வைத்தேன். சாவி பூட்டில் விழுவதுபோல் உட்கார்ந்தது. ஐந்தாவது எழுத்து ‘எல்’ அல்ல, இன்னொரு ‘ஏ’.

“ரமியாமி” என்றது பின்னால் ஒரு குரல்.

யோகமணி அக்கா தேநீருடன் நின்றிருந்தார். ஆங்கில ‘டி’ அவர்கள் பேச்சில் ‘ர’ ஆகிவிடும்; நான் சொன்னால் அது டமியாமி.

“என்ன அக்கா?”

“அதில எழுதியிருந்தது. ரமியாமி. பெட்டி வரேக்க லேபிள் முழுசா இருந்தது தம்பி. சந்தையில பழைய ஷெட் ஒண்டை உடைக்கேக்க இவர் கொண்டு வந்தவர், மரத்தொட்டி வைக்க உதவுமெண்டு. ரெண்டு வருஷமா தொட்டி அதுக்கு மேலதான் இருந்தது. தண்ணி ஊத்தி ஊத்தி மிச்சத்தை நான்தான் அழிச்சனான்.”

அலமாரியிலிருந்து ஒரு கொப்பி, நம் நோட்டு, எடுத்து வந்தார். முதன்முதலாக ஆங்கில வகுப்புக்குப் போனபோது, வீட்டிலுள்ள சாமான்களைப் பார்த்துப் பத்து ஆங்கிலச் சொற்கள் எழுதி வரச் சொன்னார்களாம். சோப், மில்க், ஓவன் என்று போய், எட்டாவதாக அந்தச் சொல். பக்கத்தில் சிவப்பு மையில் பிழைக்குறி.

“ரீச்சர் பிழை போட்டவ. இது சொல்லில்லை, இடம். ஃப்ளோரிடாவில அந்தப் பேரில ஒரு றோட் இருக்கெண்டு சொன்னவ.”

“வட்டத்துல யார்கிட்டயும் சொல்லலையா?”

“என்னட்ட ஆர் கேட்டவை? ரீ போடச் சொன்னவை, போட்டனான்.”

“அண்ணாச்சிகிட்ட?”

அக்கா கொப்பியை மூடினார். “தம்பி, இவர் அங்க கூட்டுறவுச் சங்கத்தில மனேஜரா இருந்தவர். இஞ்ச வந்து ஏழு வருஷமா ஒருத்தரும் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சந்தையில ஹேய் எண்டுதான். உந்த லேபிளைப் பேரின்பம் அண்ணை கண்டாப் பிறகு, திரு இரத்தினம் எண்டு பேப்பரில போட்டாங்கள். மேடையில இருக்கக் கதிரை. அதை நான் எப்பிடி…” என்று நிறுத்தினார். பிறகு, “நீங்கள் சொல்லுறதெண்டாச் சொல்லுங்கோ. உங்கட தொழில் அது. ஆனா மேடையில சொல்ல முந்தி அவருக்குச் சொல்லுங்கோ. சனத்துக்கு நடுவில அவர் கேக்கக்கூடாது.”

வியாழனும் வெள்ளியும் நான் பெரிய கோழையாக இருந்தேன். அண்ணாச்சி மத்தியானம் வருவார்; வாயைத் திறப்பேன்; அவர் சனிக்கிழமைக்குப் போடுகிற கோட்டைக் கண்ணாடி முன் போட்டுப் பார்ப்பார்; நான் கோட்டு நன்றாக இருக்கிறது என்பேன். வெள்ளிக்கிழமை தமிழ்க் கடைகள் இருக்கிற பிளாசாவுக்குக் கூட்டிப்போய் ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கித் தந்தார். கடையில் மூன்று பேர் அவரை நிறுத்தி, “பெட்டி கண்டுபிடிச்ச ஆள் நீங்கள்தானே?” என்று கேட்டார்கள். ரோல்ஸ் அருமை. நான்தான் பாதியோடு நிறுத்திவிட்டேன்.

அங்கே வைத்து ஒன்று சொன்னார். “தம்பி, எங்கட சந்தையில ஒரு கிழட்டு இத்தாலிக்காரன் இருக்கிறான். பழைய ஆள். அவன் சொன்னவன், சில தோட்டக்காரர் நீல லேபிளை முதல் தரத்துக்கும் சிவப்பை ரெண்டாம் தரத்துக்கும் ஒட்டுவினமாம். அதை நான் பேரின்பத்துக்குச் சொல்லேல்ல. குலமகள் ரெண்டாம் தரப் பழத்தோட நிண்டா அவருக்கு ஹார்ட் அட்டாக் வந்திடும்.” சொல்லிவிட்டுக் கண்ணடித்தார். இந்த மனிதரிடம் எதையும் சொல்லலாம் என்று அப்போது தோன்றியது. ஆனாலும் சொல்லவில்லை. ஊருக்கு எழுதும் கடிதம் என்று பொய் சொல்லி இரண்டு உரை எழுதினேன். உண்மை வலது பையில், உறுதி செய்வது இடது பையில்.

சனிக்கிழமை மூன்று பேரும் லிஃப்டில் இறங்கினோம். பெட்டியை வட்டத்துக்காரர்கள் காலையிலேயே கொண்டுபோய்விட்டார்கள். ஏழாவது மாடிக்கும் ஆறாவதுக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அண்ணாச்சி பொத்தானை அமுக்கினார். எங்கோ ஒரு குரல், “ஆள் வருகிறார், பொறுங்கள்” என்றது.

ஒளிய இடமில்லை. சொல்லிவிட்டேன். சாய்ந்த கால், மெழுகுத் தாள், கடைக்காரம்மா, எல்லாம். கொப்பியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதை அக்காவே சொன்னார்.

அண்ணாச்சி லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உமக்கு முதலே தெரியுமோ?”

“ஓம்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“நீங்கள் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சியள்.”

லிஃப்டின் விசிறி மட்டும் சுற்றியது. கால் மணி நேரம் கழித்து அது தானாகவே அசைந்து கீழே இறங்கியது. கதவு திறந்ததும், “சரி, பஸ் போயிடும், கெதியா நடவுங்கோ” என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான்.

மண்டபத்தில் ஒரு குறையும் இல்லை. வாசலில் நிறைகுடம். மேடைக்குப் பின்னால் பதினைந்து அடிக்கு அந்தப் பெண், அதே சிவப்பில். கையிலிருந்த பழம் லாரிச் சக்கரம் அளவு. ஐந்தாவது எழுத்தைச் சாயம் தீட்டி நேராக நிறுத்தியிருந்தார்கள். நகரசபை உறுப்பினர் ஒருவர் முதல் வரிசையில் மாலையுடன் உட்கார்ந்து, தமிழில் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். மேடையில் ஒரு செடிக்கு வயர் கட்டித் தோடம்பழம் தொங்கவிட்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தேன். அது ரப்பர் செடி.

தலைவர் உரை ஒரு மணி நேரம். தமிழன் கடல் கடந்தான், மரம் நட்டான், பெட்டி செய்தான், லேபிள் அடித்தான். கனடாவின் குளிர் பிற்காலத்தில் வந்ததாகவும் இருக்கலாம் என்றார். பிறகு, “பெட்டியைக் கண்டெடுத்த திரு இரத்தினம் இரண்டு வார்த்தை பேசுவார்” என்றார். ஐந்து நாற்பதுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

அண்ணாச்சி மைக்கை இரு கையாலும் பிடித்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் கனக்கக் கதைக்கிற ஆளில்லை. ஏழு வருஷமா சந்தையில பழப்பெட்டி இறக்கிறன். ஃப்ளோரிடாவில இருந்து வந்த பெட்டியைப் பாத்து ஃப்ளோரிடாப் பெட்டியெண்டு சொல்லத் தெரியாட்டி, நான் திங்கக்கிழமை வேலைக்குப் போகேலாது. உதில தமிழ் எண்டு எழுதேல்ல. ரமியாமி எண்டு எழுதியிருந்தது. அங்க ஒரு றோட்டுக்குப் பேர். இந்தப் பிள்ளை அங்கத்தைய பூர்வகுடிப் பிள்ளை. எங்கட ஆளில்லை. என்ர மனிசி முதலே வாசிச்சவ. ஒருத்தரும் அவவைக் கேக்கேல்ல. நானும் கேக்கேல்ல. அதுக்கு அவவிட்ட மன்னிப்புக் கேக்கிறன்.”

வந்து தன் கதிரையில் உட்கார்ந்தார். மண்டபத்தில் ஒரு குழந்தை மட்டும் அழுதது. நகரசபை உறுப்பினர் எழுந்து நின்று கைதட்டினார்.

அவர் சொல்லி முடித்த பிறகு எனக்குத் தைரியம் வந்தது. நான் எழுந்து போய் மெழுகுத் தாளை மேடை விளக்கில் பிடித்துக் காட்டினேன். பின் வரிசையில் ஒருவர், “நிபுணரை ஆர் கூப்பிட்டது?” என்று கத்தினார். “நீங்கள்தான்” என்று இன்னொருவர் கத்தினார். எஞ்சினியர் எழுந்து பலகையின் வளைவைப் பற்றிப் பேசினார். ஒருவர் ரமியாமி என்பதே ‘தமிழ்-ஆமி’யின் திரிபு என்றார். அதற்குக் கொஞ்சம் கைதட்டல் விழுந்தது.

பேரின்பநாயகம் இருபது வருடம் காப்புறுதி விற்றவர். எந்த இழப்புக்கும் படிவம் வைத்திருப்பவர். “இது ஜனநாயக நாடு. வாக்கெடுப்பு வைப்பம்” என்றார்.

ஐந்தாவது எழுத்து ‘எல்’ என்பவர்கள் கை தூக்கினார்கள். மண்டபத்தில் முக்கால்வாசிக் கை. நகரசபை உறுப்பினரும் நல்ல காரியம் ஏதோ நடக்கிறது என்று நினைத்துத் தூக்கினார். ‘ஏ’ என்பவர்களுக்குப் பதினொரு கை. அதில் மூன்று எங்களுடையவை. ஐந்தாவது எழுத்து ‘எல்’ என்று தீர்மானம் நிறைவேறியது. சிவகாசியில் முப்பது வருடம் எழுத்து வரைந்திருக்கிறேன். கை தூக்கி எழுத்தை நிமிர்த்தலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நன்றியுரைக்கு முன்பே மேடையில் ஒரு கதிரை குறைந்திருந்தது. அது அண்ணாச்சியுடையது. அவர் கோட்டைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, மேசையில் பூவுக்கு நடுவே இருந்த பெட்டியை நோக்கி நடந்தார்.

“இரத்தினம், அது சமூகச் சொத்து!” என்றார் பேரின்பநாயகம்.

“தலைவர், சமூகத்துக்குப் பதினைஞ்சடிப் படம் இருக்கு. பெட்டி என்ர.”

தலைவரோடு இன்னும் இருவர் வந்து பெட்டியைப் பிடித்தார்கள். அண்ணாச்சி முழங்காலை லேசாக மடக்கி, ஒரு கையை அடியிலும் ஒரு கையை மூலையிலும் கொடுத்து, ஒரு திருப்புத் திருப்பித் தோளில் ஏற்றினார். மற்ற மூவர் கையிலும் காற்றுதான் மிஞ்சியது. பெட்டி தூக்கத் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான்.

எங்களைக் காரில் கொண்டுவிட யாரும் முன்வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் வெயில் இன்னும் கொஞ்சம் இருந்தது, காற்று மட்டும் காதை அறுத்தது. பஸ்ஸில் கூட்டம். அண்ணாச்சி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், லேபிள் வெளிப்பக்கம் பார்க்க. எதிரே ஒரு கறுப்பினத்துப் பெண்மணி, தள்ளுவண்டி நிறையக் காய்கறியுடன், மூக்குக் கண்ணாடியைத் தூக்கி அந்தப் படத்தையே நெடுநேரம் பார்த்தார்.

“யார் அந்தப் பெண்?” என்று கேட்டார்.

வாரம் முழுக்க எங்களில் யாரும் கேட்காத கேள்வி. அண்ணாச்சி குனிந்து, தலைகீழாகத் தெரிந்த முகத்தைப் பார்த்தார்.

“ஃப்ளோரிடாப் பெண். பெயர் எனக்குத் தெரியாது” என்று தன் சந்தை ஆங்கிலத்தில் சொன்னார்.

“பாவம், களைத்துப்போய் இருக்கிறாள். நாள் முழுக்க அந்தப் பழத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க விட்டிருப்பார்கள்.”

“ஓம்” என்றார் அண்ணாச்சி, தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்தில், “நானும் அதே வேலைதான்” என்றார்.

அந்த அம்மாள் பக்கத்து இருக்கையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியை அங்கே வைக்கச் சொன்னார்.